ஐக்கிய அமெரிக்காவில் இருதாய்க் குடும்பங்கள்

இருதாய்க் குடும்பம் என்பது இணையராக வாழும் இரு பெண்கள் தாய்மாராக இருந்து பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்தைக் குறிக்கும். தன்பாலீர்ப்புடைய பெண்கள் ஆங்கில வழக்கில் லெஸ்பியன்கள் எனப்படுகின்றனர். தமிழில் நங்கையர் என்ற சொல்லும் ஆளப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெண் இணையர் வாழ்ந்த வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தனர்.

இக்குடும்பங்களின் சட்ட வரலாறு இரு வேறு கேள்விகளைக் கொண்டது. இரு பெண்களுக்கிடையேயான உறவைச் சட்டம் ஏற்கிறதா என்பது முதற் கேள்வி. பிள்ளைக்கும், அதனைப் பெறாத தாய்க்கும் இடையேயான உறவைச் சட்டம் ஏற்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு 2015 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. இரண்டாவது கேள்விக்கான விடை இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. குடும்பச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டிருப்பதே இதற்குக் காரணமாகும்.

சட்டவழிப் பெற்றோர்

பிள்ளையைக் கருவுற்றுப் பெற்றவர் பெற்ற தாய் என்றும், அவருடன் இணைந்து பிள்ளையை வளர்க்கும் மற்றவர் இணைத்தாய் என்றும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றனர். பெற்ற தாய் பிள்ளைப்பேற்றினாலேயே சட்டவழிப் பெற்றோர் ஆகிறார். இணைத்தாய்க்கு அந்நிலை தானாகக் கிடைப்பதில்லை. திருமணம், தத்தெடுப்பு, நெடுங்கால வளர்ப்பு, பெற்றோர்நிலையை ஒப்புக்கொள்ளும் ஆவணம் ஆகியவற்றுள் ஒன்றன் வழியாகவே அவர் அதனைப் பெற வேண்டியுள்ளது.

இந்நிலை வெறும் பெயரளவிலானதன்று. பிள்ளையின் மருத்துவச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தல், பள்ளியில் சேர்த்தல், பிள்ளை தம் சொத்துக்கு வாரிசாதல், பெற்றோர் இறந்தபின் பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவு கிடைத்தல் ஆகியவை அதனைச் சார்ந்தவை. பெற்ற தாய் இறந்துவிட்டாலோ இணையர் பிரிந்தாலோ, சட்டவழிப் பெற்றோர் அல்லாத இணைத்தாய் பிள்ளைக்கு அயலாராகக் கருதப்படலாம்.

குடும்பம் உருவாகும் வழிகள்

1970கள் வரை பெரும்பாலான தன்பாலீர்ப்புத் தாய்மார் ஆண்களுடனான முந்தைய திருமணத்தின் வழியாகவே பிள்ளைகளைப் பெற்றிருந்தனர். பின்னர் வேறு வழிகளும் பெருகின.

விந்துக் கொடை: மருத்துவர்கள் பலர் மணமாகாத பெண்களுக்குச் செயற்கை விந்தூட்டல் செய்ய மறுத்த காலத்தில், 1982 இல் ஓக்லாந்து நகரில் கலிபோர்னியா விந்து வங்கி தொடங்கப்பட்டது. தனித்து வாழும் பெண்களுக்கும் பெண் இணையருக்கும் அது சேவை வழங்கியது. வங்கியை நாடாமல் அறிமுகமான ஆணிடமிருந்து கொடை பெறுவோரும் உள்ளனர். இம்முறையில் சட்டச் சிக்கல்கள் எழுவதுண்டு. கான்சாஸ் மாநிலத்தில் ஓர் இணையர் மருத்துவரின்றி வீட்டிலேயே விந்தூட்டல் செய்துகொண்டனர். கொடையாளர் தம் உரிமைகளைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆயினும் மருத்துவர் வழியாக நடைபெறாததால் அவரே சட்டப்படி தந்தை என 2014 இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 இல் வந்த மற்றொரு தீர்ப்பு அவரைப் பிள்ளையின் பேணற்பணப் பொறுப்பிலிருந்து விடுவித்தது.

இருவர் பங்கேற்கும் கருத்தரிப்பு: ஒரு பெண்ணின் கருமுட்டையைச் சோதனைக்குழாய் முறையில் கருவுறச் செய்து மற்றவரின் கருப்பையில் வைத்தல் இம்முறையாகும். இதில் ஒருவர் மரபணுவாலும் மற்றவர் பிள்ளைப்பேற்றாலும் தாயாகின்றனர். இவ்வாறு பிறந்த இரட்டையர் தொடர்பான வழக்கில், இருவரும் தாய்மாரே எனக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005 இல் தீர்ப்பளித்தது.

தத்தெடுப்பு: இணையராகத் தத்தெடுக்க இடமில்லாத மாநிலங்களில், இருவருள் ஒருவர் தனியாள் என்ற முறையில் தத்தெடுப்பது வழக்கமாக இருந்தது. புளோரிடாவில் 1977 ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலீர்ப்பாளர் தனியாளாகத் தத்தெடுப்பதையும் தடை செய்திருந்தது. அத்தடை 2010 இல் நீதிமன்றத் தீர்ப்பினால் நீங்கியது.

பிள்ளை காவலுரிமை வழக்குகள்

தொடக்ககால வழக்குகளில் எதிரெதிரே நின்றவர்கள் பெரும்பாலும் தாயும் அவருடைய முன்னாள் கணவரும் ஆவர். 1967 இல் நாட்லர் வழக்கில், தன்பாலீர்ப்பு என்ற ஒரே காரணத்தால் ஒரு தாயைத் தகுதியற்றவர் எனக் கொள்ள முடியாது என்று கலிபோர்னியா மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆயினும் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது அத்தாய்க்குப் பிள்ளை கிடைக்கவில்லை.

தாய்க்குப் பிள்ளை கிடைத்த இடங்களிலும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. வாஷிங்டன் மாநிலத்தில் இணையரான இரு தாய்மாருக்கு 1972 இல் தத்தம் பிள்ளைகளின் காவலுரிமை வழங்கப்பட்டது. ஆனால் அவ்விருவரும் ஒரே வீட்டில் வாழக்கூடாது என்பது நிபந்தனையாகும். பிள்ளைகளை வைத்துக்கொள்ள இணையைப் பிரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்நிபந்தனை பின்னர் நீக்கப்பட்டது.

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் 1975 இல் மேரி ஜோ ரிஷர் என்பவர் தம் இளைய மகனின் காவலுரிமையை நடுவர் குழுவின் முடிவினால் இழந்தார். இத்தகைய வழக்குகளுக்குப் பண உதவியும் அறிவுரையும் அளிக்க 1974 இல் சியாட்டில் நகரில் லெஸ்பியன் தாய்மார் தேசியப் பாதுகாப்பு நிதியம் தொடங்கப்பட்டது. 1977 இல் சான் பிரான்சிஸ்கோவில் வழக்குரைஞர் டோனா ஹிச்சன்ஸ் தொடங்கிய லெஸ்பியன் உரிமைத் திட்டம் அடுத்த பல பத்தாண்டுகளில் முதன்மையான வழக்குகளை நடத்தியது.

1990களிலும் நிலைமை ஒரே சீராக இல்லை. வர்ஜீனியாவில் ஷாரன் பாட்டம்ஸ் என்பவரின் இரண்டு வயது மகனை 1993 இல் நீதிமன்றம் அவருடைய தாயாரிடம் ஒப்படைத்தது. வழக்குத் தொடுத்தவரும் அத்தாயாரே ஆவார். 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் தருமாறு கூறியது. 1995 இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் பாட்டியின் காவலுரிமையை மீண்டும் நிலைநாட்டியது. தாயின் வாழ்க்கை முறையைச் சமூகம் பழிப்பதால் பிள்ளைக்குச் சுமை ஏற்படலாம் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்றாகும். சமூகத்தின் வெறுப்பைக் காட்டிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என 1984 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனால் அவ்வழக்கு இன வேறுபாடு பற்றியதாகும்.

புளோரிடாவில் 1995 இல் மேரி வார்ட் என்பவரின் 11 வயது மகள் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டாள். தந்தை தம் முதல் மனைவியைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை அனுபவித்தவர் ஆவார். 1996 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை ஏற்றது. மேரி வார்ட் 1997 இல் காலமானார்.

இக்காலப்பகுதியில் பல மாநிலங்களின் நீதிமன்றங்கள் வேறொரு அளவுகோலுக்கு மாறின. தாயின் தன்பாலீர்ப்பால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது என்பதற்குச் சான்று இருந்தாலன்றி, அதனைக் காவலுரிமையில் கருத்திற் கொள்ளக்கூடாது என்பதே அந்த அளவுகோல் ஆகும்.

இணைத்தாயின் சட்டநிலை

இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பு

பொதுவான தத்தெடுப்பில், பிள்ளையைத் தத்தெடுப்பவர் உரிமை பெறும்போது பெற்றவர் உரிமை இழப்பார். இணைத்தாய் பிள்ளையைத் தத்தெடுத்தால் பெற்ற தாய் உரிமை இழக்க நேரிடும் என்பது இதனால் எழுந்த சிக்கலாகும். கணவன் தன் மனைவியின் பிள்ளையைத் தத்தெடுப்பதற்கு மட்டும் சட்டங்கள் விலக்கு அளித்திருந்தன. அவ்விலக்கை ஒரே பால் இணையருக்கும் விரித்துப் பொருள்கொள்ளுமாறு 1980களின் நடுவிலிருந்து வழக்குரைஞர்கள் வாதிட்டனர். இவ்வகைத் தத்தெடுப்பு இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பு எனப்படுகிறது.

வெர்மான்ட், மாசச்சூசெட்ஸ் ஆகிய மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்கள் 1993 இல் இதனை ஏற்றன. மாசச்சூசெட்ஸ் வழக்கைத் தொடுத்தவர்களுள் ஒருவர் மார்பக அறுவை மருத்துவரான சூசன் லவ் ஆவார். 1995 இல் நியூ யார்க்கின் உயர்நிலை நீதிமன்றமும் ஏற்றது. மாறாக, விஸ்கொன்சின் (1994), ஒகையோ (1998), நெப்ராஸ்கா (2002) ஆகிய மாநிலங்களில் நீதிமன்றங்கள் மறுத்தன.

நடைமுறைப் பெற்றோர்

தத்தெடுப்பு நடைபெறாத நிலையில் இணையர் பிரிந்தால், இணைத்தாய் பிள்ளையைக் காணும் உரிமையையும் இழக்கக்கூடும். 1991 இல் நியூ யார்க்கின் உயர்நிலை நீதிமன்றம், பிள்ளையை வளர்த்திருந்த போதிலும் பெறாதவர் "பெற்றோர்" ஆகார் எனக் கூறி இணைத்தாயின் மனுவைத் தள்ளியது. நீதிபதி ஜூடித் கே மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

1995 இல் விஸ்கொன்சின் உச்ச நீதிமன்றம் ஹோல்ட்ஸ்மன் வழக்கில் நான்கு கூறுகள் கொண்ட சோதனையை வகுத்தது.

1. இணைத்தாய்க்கும் பிள்ளைக்கும் பெற்றோர் உறவு உருவாகச் சட்டவழிப் பெற்றோர் இசைந்து ஊக்குவித்திருக்க வேண்டும்.
2. இருவரும் பிள்ளையுடன் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்.
3. ஊதியம் எதிர்பாராமல் பெற்றோர் கடமைகளை அவர் ஏற்றிருக்க வேண்டும்.
4. பிள்ளையுடன் பிணைப்பு உருவாகப் போதிய காலம் அப்பொறுப்பில் இருந்திருக்க வேண்டும்.

இச்சோதனையை நியூ செர்சி உள்ளிட்ட வேறு மாநிலங்களும் பின்பற்றின. முதற்கூறு குறிப்பிடத்தக்கது. அதன்படி, பிள்ளையுடன் பழகும் எவரும் பெற்றோர் ஆகிவிட முடியாது. பெற்ற தாயே திறந்துவிட்ட உறவை, இணையுடன் ஏற்பட்ட மனக்கசப்பினால் அவரே பின்னர் மூடவும் இயலாது.

உரிமையுடன் கடமையும் வருகிறது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005 இல் எலிசா பி. வழக்கில், இணையுடன் சேர்ந்து திட்டமிட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இணைத்தாய் பிரிந்தபின் பேணற்பணம் தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நியூ யார்க் நீதிமன்றம் தன் 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பை 25 ஆண்டுகளுக்குப் பின் 2016 இல் கைவிட்டது. கருத்தரிப்பதற்கு முன்பே இருவரும் பிள்ளையைச் சேர்ந்து வளர்க்க உடன்பட்டிருந்தால், இணைத்தாய் காவலுரிமை கோரலாம் என அது கூறியது.

திருமணமும் பெற்றோர் உரிமையும்

வெர்மான்ட் 2000 இல் குடிமை இணைவு என்ற பதிவு முறையை ஏற்படுத்தியது. மாசச்சூசெட்ஸ் 2004 மே 17 முதல் ஒரே பால் திருமணத்தை அனுமதித்த முதல் மாநிலம் ஆயிற்று. அதற்கு வழிவகுத்த குட்ரிட்ஜ் வழக்கின் முதன்மை மனுதாரர்கள் ஜூலி, ஹிலரி என்னும் இரு தாய்மார் ஆவர். ஜூலி தம் மகளைப் பெற்றபோது உடல்நலச் சிக்கல்கள் ஏற்பட்டன. அப்போது மருத்துவமனையில் அவரையும் குழந்தையையும் காண்பதில் ஹிலரிக்கு இடர் ஏற்பட்டமை வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது.

ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமை மற்றொரு மாநிலத்தில் செல்லுபடியாகாமையால் விளையும் துன்பத்துக்கு மில்லர்-ஜென்கின்ஸ் வழக்கு எடுத்துக்காட்டாகும். இவ்விணையர் 2000 இல் வெர்மான்டில் குடிமை இணைவு பெற்றனர். 2002 இல் லிசா மில்லருக்கு மகள் பிறந்தாள். 2003 இல் இருவரும் பிரிந்தனர். மில்லர் மகளுடன் வர்ஜீனியாவுக்குச் சென்று, ஜேனட் ஜென்கின்ஸ் பெற்றோர் அல்லர் என அங்கு வழக்காடினார். 2006 இல் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் ஜென்கின்ஸையும் பெற்றோராக ஏற்றது. அவர் மகளைக் காண்பது தொடர்ந்து தடுக்கப்பட்டதால், 2009 இல் நீதிமன்றம் காவலுரிமையை அவருக்கு மாற்றியது. அதற்குள் மில்லர் மகளுடன் நிக்கராகுவாவுக்குத் தப்பிச் சென்றிருந்தார். 2021 இல் அவர் சரணடைந்தபோது மகள் 18 வயதைக் கடந்திருந்தாள்.

மிச்சிகன் மாநிலத்துச் செவிலியரான ஏப்ரல் டெபோயர், ஜெய்ன் ரௌஸ் ஆகியோர் தொடுத்த வழக்கு, பிள்ளைகளின் உரிமையிலிருந்து திருமண உரிமைக்கு வளர்ந்ததாகும். தனியாளும் திருமணமான இணையருமே அங்கு தத்தெடுக்க முடியும். எனவே அவர்கள் வளர்த்த பிள்ளைகளுள் சிலருக்கு டெபோயரும் சிலருக்கு ரௌஸும் மட்டுமே சட்டவழித் தாயாக இருந்தனர். ஒருவர் இறந்தால் அவர் பெயரிலுள்ள பிள்ளைகள் மற்றவரிடம் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஒருவர் மற்றவரின் பிள்ளையைத் தத்தெடுக்க அனுமதி கோரி 2012 இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். சிக்கலின் வேர் திருமணத் தடையிலேயே உள்ளது எனச் சுட்டிய நீதிபதி பெர்னார்ட் பிரீட்மன், அத்தடையையும் எதிர்க்குமாறு மனுவைத் திருத்த இடமளித்தார். 2014 மார்ச்சில் அவர் தடையை நீக்கினார். அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பின்னர் இவ்வழக்கு வேறு மாநில வழக்குகளுடன் சேர்த்து உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. ஓபர்கெஃபெல் வழக்கு எனப்படும் அவற்றில் 2015 சூன் 26 அன்று 5-4 என்ற பெரும்பான்மையில் நாடு முழுவதும் ஒரே பால் திருமணம் அனுமதிக்கப்பட்டது. டெபோயரும் ரௌஸும் அவ்வாண்டு திருமணம் செய்து, ஒருவர் மற்றவரின் பிள்ளைகளைத் தத்தெடுத்தனர்.

மணமான பெண் பெறும் பிள்ளைக்கு அவர் கணவரே தந்தை எனக் கொள்வது பழமையான சட்ட அனுமானமாகும். ஆர்கன்சஸ் மாநிலத்தில், கொடை விந்தினால் பிள்ளை பிறந்தாலும் கணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டது. பெற்ற தாயின் மனைவிக்கு அது மறுக்கப்பட்டது. 2017 இல் பேவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இம்மறுப்பைச் செல்லாததாக்கியது. மரபணுத் தொடர்பற்ற கணவருக்குத் தரப்படும் ஏற்பை மனைவிக்கு மறுக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரமாகும். ஒரே பால் இணையர் தத்தெடுப்பதற்கு மிசிசிப்பியில் எஞ்சியிருந்த தடை 2016 இல் நீக்கப்பட்டது.

திருமணத்துக்குப் பின்னும் தத்தெடுப்பு

திருமணம் செய்து, பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருந்தபோதிலும், இணைத்தாய் தம் பிள்ளையைத் தத்தெடுக்குமாறு வழக்குரைஞர்கள் அறிவுறுத்துவதுண்டு. பிறப்புச் சான்றிதழ் ஒரு நிருவாகப் பதிவு மட்டுமே. அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். திருமணவழி அனுமானமும் எதிர்ச்சான்று கொண்டு மறுக்கப்படலாம். ஆனால் தத்தெடுப்பு ஒரு நீதிமன்றத் தீர்ப்பாகும். ஒரு மாநிலத்தின் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என அமெரிக்க அரசியலமைப்பு விதிக்கிறது. ஜோர்ஜியாவில் ஓர் இணைத்தாய் செய்த தத்தெடுப்பை அலபாமா உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது, 2016 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் எவரும் மாறுபடாத நிலையில் அம்மறுப்பை நீக்கியது.

இம்முறைக்குச் செலவும் காலமும் தேவை. தாம் பிறந்த நாள் முதல் வளர்த்த பிள்ளையைத் தத்தெடுக்க, அரசு அலுவலர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வதை ஏற்க வேண்டியிருப்பது குறித்து மனக்குறைகள் எழுந்துள்ளன. கலிபோர்னியா, நியூ செர்சி உள்ளிட்ட சில மாநிலங்கள் இதனை எளிமையாக்கியுள்ளன. மாநிலங்களுக்கு முன்மாதிரியாக 2017 இல் வரையப்பட்ட சீர்மைப் பெற்றோர்நிலைச் சட்டம், தந்தை என்ற சொல்லுக்கு மாற்றாகப் பால் சாராச் சொற்களைக் கையாள்கிறது. அதனைத் தழுவி வாஷிங்டன், வெர்மான்ட், ரோட் தீவு, கனெக்டிகட் முதலிய மாநிலங்கள் சட்டமியற்றின. மாசச்சூசெட்ஸ் சட்டம் 2025 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இச்சட்டங்களின்படி மணமாகாத இணைத்தாயும் ஒப்புதல் ஆவணத்தில் கையொப்பமிட்டுப் பெற்றோர் ஆகலாம்.

குடும்ப வாழ்க்கை

இருதாய்க் குடும்பங்களில் பிள்ளைகள் இருவரையும் வெவ்வேறு சொற்களால் அழைப்பது வழக்கம். ஒருவரை "மம்மி" என்றும் மற்றவரை "மாமா" என்றும் அழைப்பது ஓர் எடுத்துக்காட்டு. இங்கு மாமா என்பது அம்மாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் இருவருக்கிடையே ஒப்பீட்டளவில் சமமாகப் பகிரப்படுவதை ஆய்வுகள் பல குறிப்பிடுகின்றன.

பள்ளிப் படிவங்களில் தாய், தந்தை என இருக்கும் கட்டங்களும், தந்தையர் நாள் நிகழ்ச்சிகளும், சக மாணவரின் கேள்விகளும் இப்பிள்ளைகள் எதிர்கொள்பவை ஆகும். லெஸ்லியா நியூமன் எழுதி 1989 இல் வெளிவந்த "ஹெதருக்கு இரண்டு அம்மாக்கள்" என்ற சிறுவர் நூல் இத்தகைய குடும்பத்தைச் சித்தரித்தது. 1990களில் அதனை நூலகங்களிலிருந்து அகற்றக் கோரும் எதிர்ப்புகள் பல இடங்களில் எழுந்தன.

பிள்ளைகள் பற்றிய ஆய்வுகள்

உளவியலாளர் சார்லட் பேட்டர்சன் 1992 இல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, இப்பிள்ளைகளின் வளர்ச்சி மற்றப் பிள்ளைகளின் வளர்ச்சியிலிருந்து குறைவுபடவில்லை என முடிவு கூறினார். சமூகவியலாளர் சூடித் ஸ்டேசி, டிமத்தி பிபிளார்ஸ் ஆகியோர் 2001 இல், வேறுபாடுகளே இல்லை என ஆய்வாளர்கள் மிகைப்படக் கூறுவதாகக் குறை கண்டனர். ஆண், பெண் பற்றிய வழமையான எதிர்பார்ப்புகளுக்கு இப்பிள்ளைகள் குறைவாகவே கட்டுப்படுகின்றனர் என்றும், அது குறைபாடன்று என்றும் அவர்கள் எழுதினர்.

மனநல மருத்துவர் நானெட் கார்ட்ரெல் 1986 இல் தொடங்கிய தேசிய நெடுங்கால ஆய்வு, விந்துக் கொடையால் பிள்ளை பெற்ற குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 17 வயதை எட்டிய 78 பிள்ளைகள் பற்றிய முடிவுகள் 2010 இல் வெளிவந்தன. தாய்மாரின் கூற்றுப்படி, ஒப்பீட்டுக் குழுவைவிட இவர்கள் கல்வியிலும் சமூகத் திறனிலும் மேம்பட்டிருந்தனர். 25 வயதில் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2018 இல் தெரிவிக்கப்பட்டது. பங்கேற்றோர் தாமாக முன்வந்த சிறு குழுவினர் என்பது இவ்வாய்வின் வரம்பாகும். பிள்ளைகள் 17 வயதை எட்டுமுன் இவ்விணையருள் பாதிக்கு மேற்பட்டோர் பிரிந்திருந்தனர். இணைத்தாய் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுத்திருந்த குடும்பங்களில், பிரிந்தபின்னும் இருவரும் காவலுரிமையைப் பகிர்ந்துகொள்வது மிகுதியாக இருந்தது.

மார்க் ரெக்னரஸ் 2012 இல் வெளியிட்ட ஆய்வு பாதகமான விளைவுகளைக் கூறியது. பிரியாத மணவாழ்க்கைக் குடும்பங்களின் பிள்ளைகளுடன், பெற்றோர் எப்போதாவது ஒரே பால் உறவு கொண்டிருந்தவர்களை அது ஒப்பிட்டது. பின்னவருள் பெரும்பாலோர் ஒரே பால் இணையரால் நெடுங்காலம் வளர்க்கப்பட்டவர் அல்லர் என ஆய்வாளர்கள் குறை கூறினர். டெபோயர் வழக்கில் நீதிபதி பிரீட்மன் அவருடைய சாட்சியத்தை ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2002 இலும், அமெரிக்க உளவியல் சங்கம் 2004 இலும் இரண்டாம் பெற்றோர் தத்தெடுப்பை ஆதரித்தன.

எதிர்ப்புகளும் இன்றைய நிலையும்

பிள்ளைக்குத் தாயும் தந்தையும் தேவை என்பதும், ஒரே பால் உறவைத் தம் சமயம் ஏற்பதில்லை என்பதும் எதிர்ப்பாளரின் முதன்மை வாதங்களாகும். 2021 இல் பிலடெல்பியா நகரம் தொடர்பான வழக்கில், ஒரே பால் இணையரை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிக்க மறுத்த கத்தோலிக்க அமைப்புக்குச் சார்பாக உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2022 இல் கருக்கலைப்பு உரிமையை நீக்கிய தீர்ப்பில், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஓபர்கெஃபெல் தீர்ப்பையும் மீளாய்வு செய்ய வேண்டும் எனத் தனியாக எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட திருமண மதிப்புச் சட்டம், ஒரு மாநிலத்தில் நடந்த ஒரே பால் திருமணத்தை மற்ற மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் ஏற்க வேண்டும் என விதித்தது. ஓபர்கெஃபெல் தீர்ப்பை மாற்றக் கோரிய ஒரு மனுவை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை.

திருமணத்தை ஏற்கும் சட்டம், பிள்ளையின் பெற்றோர் யார் என்பதை முழுமையாக வரையறுப்பதில்லை. திருமணம் செய்யாத இணையருக்கும், திருமணத்துக்கு முன் பிள்ளை பெற்றோருக்கும், வீட்டிலேயே விந்தூட்டல் செய்துகொண்டோருக்கும் அந்தந்த மாநிலத்தின் பெற்றோர்நிலைச் சட்டமே இன்றும் விடை தருகிறது.